ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார் எம்பிராய்டரி அக்கா. நாற்காலி பின்னாலேயே இருக்கிறது, ஆனால் உட்கார மாட்டார். திரை கறுத்து, நடுவில் இரண்டே இரண்டு வரி தோன்றும். மேலே கம்ப்யூட்டரை இயக்கும் பழைய சிஸ்டத்தின் பெயர், கீழே புதிய சிஸ்டத்தின் பெயர். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அரை நிமிடம் காத்திருக்கும். ஒரு விசையைத் தட்டினால் உடனே வேலையைத் தொடங்கிவிடலாம். அக்கா தட்டுவதில்லை. அரை நிமிடமும் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், "இருங்க, அது என்னைக் கேள்வி கேக்குது, பதில் சொல்லிட்டு வர்றேன்" என்பார்.

அந்தக் காத்திருப்பை மூன்று நொடியாகக் குறைத்துவிடலாமே என்று நாத்தனார் ஒரு நாள் யோசனை சொன்னாள். "குறைக்கலாம். கூட்டி வச்சதே நான்தான்" என்றார் அக்கா. நாத்தனார் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தெருவில் எல்லாருக்கும் அவர் எம்பிராய்டரி அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட. தொப்பி, சீருடை, ஓட்டல் துண்டு, பள்ளிப் பை என்று எதைக் கொண்டுவந்தாலும் அதன்மேல் பெயரையும் சின்னத்தையும் நூலால் போட்டுத் தருவது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னல் ஓரமாக அக்காவின் மேசையும் கம்ப்யூட்டரும். மிச்ச இடம் முழுக்க ஆறு தலை மெஷின். கம்ப்யூட்டரில் அக்கா ஒரு சின்னத்தை வரைந்து, எந்த நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நெருங்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக முடிவு செய்து அனுப்பினால், ஆறு ஊசிகளும் ஒரே நேரத்தில் ஆறு துணிகளில் அதைத் தைக்கும். "அதுக்கு ஆறு தலை இருக்கு, ஆனா மூளை என் மேசையிலதான் இருக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

மெஷினை ஓட்டுவது அவருடைய கணவர். நூல் மாற்றுவது, சட்டத்தில் துணியை இறுக்குவது, எண்ணெய் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. தெருவில் மெஷின்காரர் என்று பெயர். பல வருஷம் அந்தச் சத்தத்துக்குள் வாழ்ந்ததில் சமையலறையில் உப்பு கேட்பதைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், தைத்து வந்த துணிகளைத் திருப்பிப் போட்டு உதிரி நூல்களைக் கத்தரிப்பாள். மூன்று பேரின் சாப்பாடும் அந்த ஆறு ஊசியிலிருந்துதான்.

மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. ஓடும்போது நடுவில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் துணியின் பின்பக்கம் ஒரு முடிச்சு விழும். முன்பக்கத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. இருந்தாலும் மெஷின்காரர் நிறுத்தவே மாட்டார். ஃபோன் அடித்தாலும் சரி, வாசலில் ஆள் நின்றாலும் சரி, போட்ட எழுத்து முடிந்தாக வேண்டும். தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று சொல்ல ஓடிவந்த தங்கையிடம், தொப்பி முடியட்டும் என்று ஒற்றை விரலைக் காட்டிய மனிதர் அவர். அதனால் பட்டறையில் நடக்கும் பேச்சில் பாதி காற்றோடு போய்விடும். "என் பெருமை எல்லாம் இந்தச் சத்தத்திலேயே கரைஞ்சு போச்சு" என்பது அக்காவின் நெடுநாள் குறை.

பெருமை அவரிடம் நிறைய உண்டு. அடக்கம் வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் யாராவது தொப்பியைக் கழற்றினால் அக்காவின் கழுத்து தானாக நீளும். உள்பக்கம் தெரிகிறதா என்று பார்ப்பார். ஒரு விருந்தில் மேசை விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பரிமாற வந்தவரிடம், "இதைப் போட்டவங்க கையைக் கொஞ்ச நாள் கட்டிப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். "முன்பக்கம் எல்லாரும் அழகாத்தான் இருப்பாங்க. பின்பக்கத்தைப் பார்த்தாதான் வேலை தெரியும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். துணிக்கு மட்டுமல்ல, மாப்பிள்ளை பார்க்கப் போகும்போதும் அதையேதான் சொல்வார்.

இந்த இரண்டு வரி சமாசாரம் ஆஸ்பத்திரியால் வந்தது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டில் சின்னமும் பெயரும் போட ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆள் தேடியது. வருஷம் முழுக்க விடாமல் வரும் வேலை. ஆனால் சின்னமும் பெயர்களும் ஆஸ்பத்திரியின் இணையதளம் வழியாகத்தான் வரும். அக்காவின் கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. சிஸ்டம் அவ்வளவு பழசு. புதிய சிஸ்டத்துக்கு மாறினால் தளம் திறக்கும். ஆனால் அக்கா டிசைன் வரையும் மென்பொருள் புதியதில் ஓடாது. அதைச் செய்த நிறுவனமே இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. அந்த மென்பொருள் ஒன்றுதான் மெஷினோடு பேசும். அது போனால் ஆறு தலையும் பழைய இரும்பு.

கம்ப்யூட்டர் கடைக்காரர் நல்ல மனிதர். "அப்கிரேட் பட்டனை அழுத்துங்க, எல்லாம் அப்படியே வந்துடும்" என்றார்.

"மெஷின் பேசுமா?"

"பேசும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்னு சொல்றவங்க கிட்ட என் பெட்டியைத் தர மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வேறு ஊரில் மென்பொருள் வேலையில் இருக்கும் கொழுந்தன், "புதுசா ஒண்ணு வாங்கிடுங்க அண்ணி, தலைவலியே வேணாம்" என்று ஃபோனில் சொன்னார். அந்த அறையில் இன்னொரு கம்ப்யூட்டர் வைக்க வேண்டுமென்றால் நாத்தனார் தெருவில் உட்கார்ந்துதான் நூல் கத்தரிக்க வேண்டும். அப்போதுதான் அக்கா, ஒரே பெட்டியில் இரண்டு சிஸ்டத்தையும் வைக்கலாமாமே என்று கேட்டார். வைக்கலாம்தான், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும், முதலில் எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கொழுந்தன். மெஷின்காரருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒரே உறைக்குள்ள ரெண்டு கத்தி இருக்குமா?"

"கத்தின்னு யார் சொன்னா? நம்மகிட்ட இருக்கிறது ஊசி. ஒரு டப்பாவில எத்தனை ஊசி வேணா இருக்கும்."

அதற்கு அப்புறம் சில வாரங்கள் அக்கா படித்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்தார். ஒத்திகைக்கு நாத்தனாரின் பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கினார். அது திறக்கவே மாட்டேன் என்று இரண்டு முறை அடம்பிடித்தது; இரண்டு முறையும் அக்கா அதை வழிக்குக் கொண்டுவந்தார். நாத்தனார் அந்த லேப்டாப்புக்குப் பலியாடு என்று பெயர் வைத்துவிட்டாள். ஒத்திகையில் அக்கா கற்றுக்கொண்ட முதல் பாடம், பழையது முதலில் இருக்க வேண்டும், புதியது அப்புறம் வர வேண்டும் என்பது. "மாத்தி வச்சா, பழசு வந்து புதுசோட வாசலையே மூடிடும். நம்ம குடும்பங்கள்ல நடக்கிறதுதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷின் ஓய்வில் இருந்தபோது, உண்மையான பெட்டியைக் கையில் எடுத்தார். அதற்கு முன் தன் டிசைன்கள் எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் பிரதி எடுத்து, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடி, "இதைத் திறந்து பிஸ்கட் தேடாதீங்க" என்று கணவரிடம் எச்சரித்தார். கம்ப்யூட்டருக்குள் இருந்த இடத்தை மூன்றாகப் பிரித்தார். பழையதற்கு ஒரு பாகம், புதியதற்கு ஒரு பாகம், இரண்டும் வந்து போகிற மாதிரி டிசைன்களுக்கு ஒரு பொது அறை. "பாகப்பிரிவினையா? எங்க வீட்டுல இதுக்கு ரெண்டு தலைமுறை ஆச்சு" என்றார் எட்டிப் பார்த்த மெஷின்காரர். அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மதியத்துக்குள் அந்த இரண்டு வரிகள் திரையில் வந்துவிட்டன. அக்கா வீட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள். கறுப்பில் வெள்ளையாக இரண்டு வரி, வேறொன்றும் இல்லை.

"இதுக்கா இத்தனை வாரம்?" என்று கேட்டார் மெஷின்காரர்.

அக்காவுக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். மேல் வரியைத் தேர்ந்தெடுத்து, பழைய சிஸ்டத்தில் ஒரு பூவை எடுத்து மெஷினுக்கு அனுப்பினார். ஆறு ஊசிகளும் எழுந்தன. பழையவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், புதியவரும் குடிவந்துவிட்டார். இரண்டு பேருக்கும் அன்றைக்கே பெரியவர், சின்னவர் என்று பெயரும் வைத்துவிட்டார்.

சிக்கல் அடுத்த வாரம் தொடங்கியது. சின்னவரைத் திறந்து, ஆஸ்பத்திரியின் தளத்திலிருந்து சின்னத்தையும் பெயர்களையும் இறக்கி, பொது அறையில் வைத்துவிட்டு, முறைப்படி ஷட் டவுன் செய்தார். பிறகு பெரியவரைத் திறந்தார். பெரியவர் கண் விழித்ததும், பொது அறையில் ஏதோ சரியில்லை, சரிபார்க்கிறேன் என்று ஒரு செய்தி காட்டினார். வீட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? அக்கா விட்டுவிட்டார். சரிபார்த்து முடித்த பிறகு பார்த்தால் பழைய டிசைன்கள் அத்தனையும் இருந்தன, புதிதாக வைத்த சின்னத்தையும் பெயர்களையும் மட்டும் காணவில்லை.

முதல் முறை, தான்தான் சேமிக்க மறந்திருப்போம் என்று நினைத்தார். இரண்டாம் முறை மெஷின்காரரைச் சந்தேகப்பட்டார். மூன்றாம் முறை, ஆஸ்பத்திரியில் துணிமணிகளுக்குப் பொறுப்பான ஸ்டோர் அம்மாவின் கண் முன்னாலேயே நடந்தது. கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு மாதிரி பார்க்க வந்திருந்தார் அந்த அம்மா. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர். எதற்கும் "பார்த்துடலாம்" என்பவர். காணாமல் போன சின்னத்தை அக்கா தேடத் தேட, அவர் கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். கடைசியில், "வெள்ளிக்கிழமை திரும்ப வர்றேன்மா. அதுக்குள்ள இன்னொரு இடத்தையும் பார்க்கச் சொல்லியிருக்காங்க. பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டுக் கோட்டுகளை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாப் போச்சே" என்று மெஷின்காரர் தொடங்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டார். "விட்டுடலாம்மா. பழையபடி ஒண்ணு மட்டும் வச்சுக்கோ. ஆஸ்பத்திரி இல்லேன்னா என்ன, துண்டு இருக்கு, தொப்பி இருக்கு."

கேலி செய்திருந்தால் அக்கா பதில் சொல்லியிருப்பார். ஆறுதலுக்கு என்ன பதில் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. இரண்டும் இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தார். அவமானமாக இருந்தது. ஆஸ்பத்திரி வேலை போவதைவிட, ஒரு ஊசி டப்பாவைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் ஆகிவிட்டோமே என்பதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் காலை, வெங்காயம் வாங்கிவர வேண்டும் என்று கணவரை எழுப்பினார். மெஷின்காரர் கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, நல்ல தூக்கத்தில் இருந்தார். அக்கா தேநீர் டம்ளரைத் தரையில் வைத்தார். அந்தச் சத்தம் கேட்ட அடுத்த நொடி அவர் எழுந்து உட்கார்ந்து டம்ளருக்குக் கை நீட்டினார். கண்ணைக் கசக்கவில்லை, கொட்டாவி விடவில்லை. அக்கா டம்ளரைக் கொடுக்காமல் அப்படியே நின்றார்.

"நிஜமாத் தூங்கினவங்க இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாங்க" என்றார்.

"இல்லம்மா, நிஜமாத்தான்" என்று மெஷின்காரர் சொல்லத் தொடங்கினார். அக்கா அவரைச் சொல்லவில்லை. சின்னவரைச் சொன்னார். பெட்டி பழைய பெட்டி. பெரியவர் அதில் எழுந்து வருவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். அதே பெட்டியில் சின்னவர் மட்டும் கண் இமைப்பதற்குள் எழுந்து நிற்கிறாரே, எப்படி? ஷட் டவுன் என்று சொன்னால் முழுசாகத் தூங்குவதே இல்லை. பாசாங்கு.

கொழுந்தனைக் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். "தம்பி, இது தூங்கற மாதிரி நடிக்குது. அப்படி ஏதாவது உண்டா?"

"உண்டு அண்ணி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு பேரு. ரெண்டு சிஸ்டம் வச்சா முதல்ல அதைத்தான் ஆஃப் பண்ணணும். நான் சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க."

விஷயம் இதுதான். மறுமுறை சீக்கிரம் எழுவதற்காகச் சின்னவர் பாதி வேலையை மடியிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த நேரத்தில் பெரியவர் வந்து பார்த்தால் பொது அறை விரித்துப் போட்டபடி கிடக்கிறது. ஒழுங்கானவர் அல்லவா, கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிடுகிறார். அந்தக் குப்பையோடுதான் ஆஸ்பத்திரிச் சின்னம் மூன்று முறையும் போயிருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எங்கே அணைப்பது என்று கொழுந்தன் சொல்லச் சொல்ல அக்கா போய் அணைத்தார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு தம்பி? பேரு நீங்க சொன்னீங்க, ஆளை நான் பிடிச்சேன்" என்று ஃபோனை வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வெங்காயம் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து சின்னவரை மூடியதும், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். காய்ச்சல் விட்டதா என்று குழந்தையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி. அப்படித் தொட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது என்று கொழுந்தன் விளக்கினார். "தெரியாதுதான். என் மனசுக்கு" என்றார் அக்கா. இன்றைக்கும் வைக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஸ்டோர் அம்மா வந்தார். அக்கா அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நின்றபடி வேலை செய்தார். சின்னவரைத் திறந்து, தளத்திலிருந்து சின்னத்தை இறக்கி, பொது அறையில் வைத்து, மூடி, உள்ளங்கையை வைத்து எடுத்தார். மறுபடி சுவிட்ச். இரண்டு வரிகள். மேல் வரி. நாத்தனார் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். மெஷின்காரர் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டு திரையையே பார்த்தார். பெரியவர் நிதானமாக எழுந்தார். எதையும் சரிபார்க்கவில்லை. பொது அறையில் சின்னம், வைத்த இடத்தில் இருந்தது.

கம்ப்யூட்டரில் அதற்குத் தையல் அமைத்து முடிக்க அக்காவுக்கு ஒரு தேநீர் நேரம் போதுமானதாக இருந்தது. ஆறு கோட்டுப் பைகளில் ஒரே சமயத்தில் நீலச் சின்னம் வளர்ந்தது. முடிந்ததும் ஸ்டோர் அம்மா ஒரு கோட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை; நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். முடிச்சு இல்லை, தொங்கும் நூல் இல்லை. அக்காவுக்கு அந்த அம்மாவை அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது.

"திங்கட்கிழமையிலிருந்து துணி அனுப்பறேன்" என்றார் ஸ்டோர் அம்மா. பார்த்துடலாம் என்று சொல்லவில்லை.

மெஷின்காரர் அதற்குள் சட்டங்களில் ஓட்டல் துண்டுகளை மாட்டி, அடுத்த வேலையை ஓட்டத் தொடங்கியிருந்தார். சத்தம் அறையை நிறைத்தது. கிளம்ப எழுந்த ஸ்டோர் அம்மா, திரையைக் காட்டி மெஷின்காரரிடம் உரக்கக் கேட்டார். "எங்க எக்ஸ்ரே ரூம்லயும் இதே தொல்லைதான் சார். பழைய கம்ப்யூட்டர், அதை விட்டா அந்த மெஷின் வேற எதோடயும் பேசாது. இந்த மாதிரி ரெண்டும் வச்சுக்கிற ஏற்பாட்டை உங்களுக்கு யார் செஞ்சு கொடுத்தாங்க?"

"நான்தான்" என்றார் அக்கா. ஆறு ஊசிகளும் அதை விழுங்கிவிட்டன. ஸ்டோர் அம்மா காதில் கையை வைத்துக்கொண்டு, என்ன என்பதுபோல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா இன்னொரு முறை சொன்னார். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

மெஷின்காரர் துண்டுகளைப் பார்த்தார். ஓட்டலின் பெயரில் பாதிதான் வந்திருந்தது. கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஆறு ஊசிகளும் பாதி எழுத்தில் நின்றன. பிறகு அவர் மனைவியைப் பார்த்து, சொல்லு என்பதுபோல் தலையை அசைத்தார்.